யாருடைய விடுமுறை?

2024இல் ஐந்தே மாத இடைவெளியில் மூன்று தமிழ்ப் படங்கள் சிறுவயது ஊரைத் திரைக்குக் கொண்டுவந்தன. மே மாதம் கமலக்கண்ணனின் ‘குரங்கு பெடல்’, ஆகஸ்டில் மாரி செல்வராஜின் ‘வாழை’, செப்டம்பரில் பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’. வண்டலூர்க்காரர்களான நமக்கு இவை அடுத்த வீட்டுச் சங்கதி போல. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து, தென்மாவட்டம் போகிற சென்னைவாசிகள் நம் வாசலுக்கு வந்துதான் பஸ் ஏறுகிறார்கள். முழுப்பரீட்சை முடிந்ததும் பெட்டியும் பையுமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். அவர்களுக்காக எடுத்தவை என்றே சொல்லத்தக்க படங்களைக் கண்டிப்பாகவே எடைபோட வேண்டும்.

இந்த வகைக்கு நல்ல அளவுகோல் பிரெஞ்சு சினிமாவில் இருக்கிறது. மார்செல் பாஞோலின் இளமை நினைவுகளை வைத்து இவ் ரொபேர் 1990இல் அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுத்தார்: ‘என் தந்தையின் பெருமை’, ‘என் தாயின் கோட்டை’. மார்சேய் நகரத்துப் பள்ளி ஆசிரியரின் குடும்பம் கோடைக்கு மலையடிவாரத்தில் வீடு எடுத்துத் தங்குகிறது. வேட்டையே தெரியாத அப்பா முதல் தடவையிலேயே இரண்டு அரிய கவுதாரிகளைச் சுட்டுவிடுகிறார். மகன் மார்செல் பாறைமேல் ஏறி நின்று அவற்றைத் தூக்கிக் காட்டுகிறான். அப்பாவின் சிறு வெற்றி பிள்ளையின் கண்ணில் மலையளவு ஆவதை இதைவிட அழகாகக் காட்டிய காட்சி குறைவு.

அந்தப் படங்களை வெறும் இனிப்பாகாமல் காப்பது முடிவில் வரும் சில நிமிடங்கள். அம்மா இளவயதிலேயே இறந்துபோகிறாள். மலையெல்லாம் சுற்றிக்காட்டிய குடியானவச் சிறுவன் லீலி முதல் உலகப் போரில் குண்டடிபட்டுச் சாகிறான். ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. லீலிக்கு அந்த மலை விடுமுறை இடமே அல்ல, பிழைப்பு. பொறி வைத்துப் பறவை பிடிப்பது மார்செலுக்கு விளையாட்டு, அவனுக்கு வருமானம். அவனுடைய ஒரு நாளை அவன் கண் வழியாகப் படம் பார்ப்பதே இல்லை. மார்செல் வந்தால் அவனும் திரையில் வருகிறான், மார்செல் போனால் அவனும் போய்விடுகிறான். இந்த இடத்தில் ழான்-லூ யூபேரின் ‘பெரிய பாதை’ (1987) கூடுதல் நேர்மையானது. பாரிஸிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்படும் சிறுவனின் கண்ணெதிரே, அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண் முயலைக் கொன்று தோலுரிக்கிறாள். அவளுக்கு அது அன்றாட வேலை. விருந்தாளிப் பையனுக்காக ஊர் தன் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை.

ஆகவே நான் மூன்று தமிழ்ப் படங்களிடமும் கேட்பது ஒன்றுதான். பிள்ளையின் அந்த இனிய நாளுக்காக உழைத்தவரைப் படம் பார்க்கிறதா?

ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையிலிருந்து பிறந்த ‘குரங்கு பெடல்’ வடிவத்தில் பிரெஞ்சுப் படங்களுக்கு மிக நெருக்கம்: எண்பதுகளின் கோடை, வாடகை சைக்கிள் கடை, ஐந்து பையன்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது, எனவே பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒருபக்கம் ஒடித்து மிதிக்க வேண்டும். அந்த உடம்புக் கோணலைப் படம் அக்கறையோடு பிடித்திருக்கிறது. அதைவிட முக்கியமானவர், சைக்கிள் ஓட்டத் தெரியாததால் ‘நடராஜா சர்வீஸ்’ என்று கேலி பேசப்படும் அப்பா. காளி வெங்கட் அந்தக் கூச்சத்தைச் சத்தமில்லாமல் சுமக்கிறார். பாஞோலின் அப்பா ஜெயித்ததால் பெரியவர் ஆனார். இவர் தோற்றுக்கொண்டே பெரியவர் ஆகிறார். இதுவே படத்தின் சாதனை. சறுக்கல், பெரியவர்களின் குடிகாரச் சண்டை நகைச்சுவை. பையனின் சைக்கிளை ஓரத்தில் நிறுத்திவிட்டு அது வெகுநேரம் ஓடுகிறது. ஒரு சிறுகதையின் தசை முழுநீளப் படத்துக்குப் போதவில்லை.

‘மெய்யழகன்’ மூன்றிலும் அதிகம் நேசிக்கப்பட்ட படம். 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்கு வந்த அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறார். பெயர்கூட நினைவில்லாத ஓர் உறவுக்காரன் அவரை விழுந்து விழுந்து கவனிக்கிறான். சின்ன வயதில் விடுமுறைக்கு அருளின் வீட்டுக்கு வந்து தங்கியவன் அவன். அருள் விட்டுச்சென்ற சைக்கிள்தான் அவன் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. லீலி பேசத் தொடங்கியதுபோல் ஓர் அருமையான திருப்பம் இது. ஒருவருக்கு மறந்தே போன கோடை, இன்னொருவருக்கு வாழ்க்கை. ஆனால் அந்தக் கோடையை நாம் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். இரவெல்லாம் பேச்சு. பேச்சு நன்றாகவே இருக்கிறது, கார்த்தியும் அரவிந்த்சாமியும் அதை நம்பவைக்கிறார்கள். இருந்தாலும் ஜல்லிக்கட்டு, வரலாறு என்று அந்த உறவுக்காரன் வாயில் ஏற்றிய பாரம் அதிகம். வெளியான பிறகு பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள். நீளம் குறைந்தது, ஆனால் நல்லவன் நல்லவன் என்று படமே சொல்லிக்கொண்டிருக்கும் பழக்கம் போகவில்லை.

‘வாழை’யில் எல்லாமே தலைகீழ். தூத்துக்குடி மாவட்டத்துச் சிறுவன் சிவனணைந்தானுக்குப் பள்ளிக்கூடம்தான் சொர்க்கம். அங்கே பூங்கொடி டீச்சர் இருக்கிறார், ரஜினியா கமலா என்று சண்டைபோட சேகர் இருக்கிறான். லீவு நாள் விடிந்தால் வயிறு கலங்குகிறது, வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். சேற்றில் கால் புதைய, கழுத்து ஒருபக்கம் சாய, வரிசையாக நடக்கும் பிள்ளைகளைக் கேமரா அவசரப்படாமல் பின்தொடர்கிறது. கூலிக்காரர்கள் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து திரும்புகிறார்கள். முடிவில் அந்த லாரி கவிழ்கிறது. பிணங்கள் கிடக்கும் வீட்டில், பகலெல்லாம் பட்டினி கிடந்த பையன் அடுப்படியில் சோற்றை அள்ளி வாயில் வைக்கும் காட்சியைப் போல் பசியைச் சொன்ன காட்சி அண்மைத் தமிழ் சினிமாவில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த இடத்தில் இசை ஏறி நின்று அழுத்தியிருக்க வேண்டியதில்லை. டீச்சர் மீதான ஈர்ப்பும் ஒரு பாட்டு குறைந்திருந்தால் கெட்டுப்போயிருக்காது.

அளவுகோலுக்கு முழுதாக நிற்பது ‘வாழை’தான். பாஞோலின் படங்களில் லீலியின் பக்கம் காலியாக இருந்த இடத்தை அது நிரப்புகிறது. வலியைக் காட்டுவதனால் மட்டும் இந்த முதலிடம் கொடுக்கவில்லை. ஆற்றுமணலும் நட்பும் சிரிப்பும் நிறைந்த அதே பால்யத்துக்குள் அந்த வலி இருக்கிறது, ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்கவில்லை. அடுத்தது ‘குரங்கு பெடல்’, அந்த அப்பாவுக்காக. ‘மெய்யழகன்’ மூன்றாவது. சரியான கேள்வியைத் தொட்டும், பதிலைக் காட்சியாக்காமல் வசனத்திடம் ஒப்படைத்ததுதான் காரணம். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிற பிள்ளையையும், ஊரில் அதே மே மாதம் கூலிக்குப் போகிற அதன் சித்தப்பா மகனையும் ஒரே படத்தில் சமமாகப் பார்த்த தமிழ் இயக்குநர் இந்த மூவரில் இல்லை. அதை எடுக்கக்கூடியவர் கமலக்கண்ணன் என்றே நினைக்கிறேன். அவரிடம் அதற்கான பொறுமை இருக்கிறது, நகைச்சுவை நடிகர்களைக் கொஞ்சம் வீட்டில் விட்டுவிட்டு வந்தால் போதும்.