அசைவூட்டப் படத்தில் முதலும் கருவும்: உத்தரமேரூர்க் குடவோலைக் காட்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ் நூலோர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூவகைப்படுத்தினர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தே தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர்க்குரிய ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் பாட்டுள் பயிலுங்கால் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து நிற்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இயற்கைப் புனைவு எத்துணை அழகுடையதாயினும், மாந்தர் ஒழுக்கத்திற்குத் துணையாகும் அளவிற்கே அது மதிப்புப் பெறும் என்பது இதனாற் பெறப்படும். டாக்டர் மு. வரதராசனாரும் தனிநாயக அடிகளாரும் சங்கப் பாட்டில் இயற்கை பெறும் இடத்தை விரிவாக ஆராய்ந்தமை தமிழுலகம் அறிந்ததே.

சொல்லோவியத்திற்கு வகுத்த இவ்வளவுகோல் வண்ண ஓவியத்திற்கும் பொருந்துமோ என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. வரைந்த உருவங்களை அசையச் செய்து காட்டும் படத்தை இன்று அசைவூட்டப் படம் என்கிறோம். மக்கள் வழக்கில் அது கார்ட்டூன் படம். அதில் அசையும் உருவங்களுக்குப் பின்னே அசையாது நிற்கும் மலை, மரம், மனை ஆகிய ஓவியத் தொகுதியே பின்புலம் எனப்படும். காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை நிகழ்ச்சியைச் சில நிமிடங்களே ஓடும் குறும்படமாக வரைய ஓர் ஓவியர் முற்படுவாராயின், அவர் எத்தகைய பின்புலத்தை அமைத்தல் வேண்டும்? இவ்வினாவை ஓவியருக்கே உரியதென ஒதுக்குதல் பொருந்தாது. நம் சிற்றூர்ச் சிறுவர் தம் நாட்டின் பழமையைப் படிப்பதற்கு முன்னரே படத்திற் கண்டுவிடுகின்றனர். அவர் காணும் நிலம் எந்நாட்டு நிலம் என்று கேட்கும் பொறுப்பு இலக்கிய ஆசிரியர்க்கும் உண்டு.

பின்புலம் பிரிந்து நின்ற வரலாறு

அசைவூட்டக் கலையின் தொடக்கத்தில் ஒவ்வொரு படத்திலும் உருவத்தோடு பின்புலத்தையும் மீண்டும் மீண்டும் வரைந்து வந்தனர். அமெரிக்கரான ஏர்ல் ஹர்டு என்பார், ஒளி ஊடுருவும் செல்லுலாயிட் தாளில் உருவத்தை வரைந்து, அதனை ஒரே பின்புல ஓவியத்தின் மீது வைத்துப் படமெடுக்கும் முறைக்கு 1914-இல் காப்புரிமை வேண்டினார். இதனால் உழைப்புச் சுருங்கியது. ஆயின், உருவம் வரைவோர் ஒருவராகவும் பின்புலம் தீட்டுவோர் வேறொருவராகவும் பிரிந்தனர். இன்று தாளின் இடத்தைக் கணிப்பொறி பற்றிக்கொண்ட பின்னரும் இப்பிரிவினை தொடர்கின்றது. முதலும் கருவும் ஒருவர் கையிலும் உரி மற்றொருவர் கையிலும் அமையுமாயின், அவை ஒன்றையொன்று அறியாது நிற்கும் இடர் தோன்றுதல் இயல்பேயன்றோ?

1942-இல் வெளிவந்த டிஸ்னி நிலையத்தாரின் ‘பாம்பி’ என்னும் படம் இவ்விடரையும் அதன் தீர்வையும் ஒருங்கே காட்டுகின்றது. காட்டுமானின் கதையாகிய அதற்கு முதலில் வரைந்த பின்புலங்களில் இலைதோறும் கிளைதோறும் நுணுக்கம் மிகுந்திருந்தது. அந்நுணுக்கத்தின் நடுவே மான் மறைந்து போயிற்று. சீனாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய டைரஸ் வோங் என்னும் ஓவியர், சோங் மரபினர் காலத்து மலைநீர் ஓவியங்களைத் துணையாகக் கொண்டு, காட்டை மூடுபனியும் நிழலுமாகக் குறிப்பாலே உணர்த்தும் சிறு ஓவியங்களைத் தீட்டிக் காட்டினார். படம் முழுமைக்கும் அவையே வழிகாட்டியாயின. காட்டின் எல்லா மரங்களையும் வரைவது காட்டைக் காட்டுவதாகாது; மானுக்கு வேண்டிய காட்டைக் காட்டுவதே கலை என்பது இதனால் விளங்கும். சங்கப் புலவரும் குறிஞ்சியின் கருப்பொருள் அனைத்தையும் ஒரு பாட்டில் நிரல்படக் கூறினாரல்லர். ஒரு சுனை, ஒரு வேங்கை, ஒரு யானை என ஒன்றிரண்டால் மலை முழுதையும் நிறுத்தினர்.

பின்புலமே பொருளாதல்

பின்புலம் அடங்கி நிற்றல் மட்டுமே போதுமோ எனின், போதாது. உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு பிறக்கும் என்பது இலக்கணம். தலைவி வாய்திறந்து கூறாததை அவள் ஊர்ப் பொய்கையின் மீனும் நாரையும் கூறிவிடும். அதுபோலப் பின்புலமும் தன் நிலையில் நின்றே பொருள் உணர்த்தவல்லது.

கீதாஞ்சலி ராவ் என்னும் ஓவியர் தம் கையால் வரைந்து 2006-இல் வெளியிட்ட, ‘அச்சிட்ட வானவில்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய படம் இதற்குத் தக்க சான்று. பதினைந்து நிமிட அளவினதாகிய அப்படம் அவ்வாண்டுக் கான் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரப் பிரிவில் குறும்படத்திற்குரிய பரிசு பெற்றது. தனித்து வாழும் மூதாட்டி ஒருத்தியும் அவள் வளர்க்கும் பூனையும் தீப்பெட்டி மேலுறைப் படங்களுக்குள் புகுந்து உலவுதலே கதை. மூதாட்டியின் அன்றாட வாழ்க்கை நிறமற்ற சாம்பல் உலகாகத் தோன்றுகின்றது. தீப்பெட்டி உலகமோ நிறம் ததும்ப நிற்கின்றது. தனிமை என்னும் உரிப்பொருளை உணர்த்தும் பணியில் பெரும்பகுதியை நிறத்தின் இன்மையும் உண்மையுமே ஏற்றுக்கொள்கின்றன. சிவகாசி, சாத்தூர், கோவிற்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்த தமிழ்நாட்டிற்கு அவ்வுறைப் படங்கள் புதியன அல்ல. எளியதெனத் தூக்கி எறியும் அச்சுப் படத்திலும் ஒரு நாட்டின் ஓவிய மரபு உறைந்து கிடக்கக் கூடும் என்பதை அப்படம் மெய்ப்பித்தது.

சப்பானியரான இசாவோ தக்கஹாட்டாவின் ‘இளவரசி ககுயா’ (2013) வேறொரு வழியைக் காட்டும். அதன் பின்புலங்களைக் கலை இயக்குநர் கசுவோ ஓகா நீர்வண்ணத்தால் மெல்லெனத் தீட்டி, ஓரங்களை வெண்மையாகவே விடுத்தார். இளவரசி மாளிகையை விட்டு ஓடும் காட்சியில் உருவமும் நிலமும் ஒருசேரச் சிதறிக் கரிக்கோட்டுக் கிறுக்கலாகி விடுகின்றன. பிரிந்து நின்ற இரு கைகளும் ஆங்கே ஒன்றாகின்றன. தக்கஹாட்டா தம் நாட்டுப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுருளோவியங்களை அசைவூட்டக் கலையின் முன்னோடியாகக் கண்டு 1999-இலேயே ஒரு நூல் எழுதினார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. முதலில் தம் மரபைக் கற்றார். பின்னர்ப் படத்தை அமைத்தார்.

காஞ்சியில் உள்ள சான்றுகள்

அத்தகைய மரபு நமக்கும் உண்டோ எனின், உத்தரமேரூருக்குத் தொலைவில் அன்று, காஞ்சி மாநகரிலேயே உண்டு. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பத் தொடராக அமைந்துள்ளது. இரண்டாம் நந்திவருமன் இளஞ்சிறுவனாக அரசேற்ற நிகழ்ச்சியும் ஆங்கு உண்டு. சில காட்சிகளின் கீழ் அவற்றை விளக்கும் எழுத்துக்களும் உண்டு. அவை, முடிசூட்டு, போர் எனக் காட்சி காட்சியாக நகரும் இத்தொடரில் மாந்தரும் யானையும் குதிரையுமே மேலோங்கி நிற்கின்றனர்; பின்னே நிற்பது பெரும்பாலும் வெறுங்கல். சிற்பி நிலத்தை அறியாதவன் அல்லன். நிகழ்ச்சிக்கு வேண்டாதபோது அதனை விலக்க அறிந்தவன்.

சினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் இசைமண்டபம் விசயநகர அமைச்சர் இருகப்பரால் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பெற்றது. அதன் விதானத்தில் பிற்காலத்தே தீட்டிய ஓவியங்கள், ரிஷபதேவர், வர்த்தமானர் முதலியோர் வரலாறுகளை நீண்ட பட்டைகளாக விரிக்கின்றன. ஒரே உருவம் அடுத்தடுத்துத் தோன்றிக் காலம் நகர்வதை உணர்த்தும். தமிழ் விளக்கங்கள் உடன்செல்லும். அசைவூட்டக் குறும்படத்திற்கு இதனினும் அண்மையான முன்மாதிரி நம் நாட்டில் அரிது. அதன் கோட்டையும் அளவையும் பயிலாது, பொதுவாகக் கிடைக்கும் கோபுரப் படத்தைக் கணிப்பொறியில் ஒட்டி அமைதல் தமிழ்ப் பின்புலம் ஆகாது.

குடவோலைக்கு உரிய நிலம்

இனி, உத்தரமேரூருக்கு வருவோம். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுக்கள், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, சபையார் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விதிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்தும், பன்னிருவர் தோட்ட வாரியத்தும், அறுவர் ஏரி வாரியத்தும் அமர்ந்தனர்.

இக்காட்சிக்குப் பின்புலம் வரைவோர்க்கு முதலில் நேரக்கூடியது பொழுது பற்றிய வழு. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவெய்தியது. 919-இல் அதன் விமானத்தை வானில் நிறுத்துதல் ஆகாது. இன்றுள்ள ஏரிக்கரையை நேரிற் கண்டு வரைதல் நன்றே. ஆயின் அங்கு மண்டிய சீமைக் கருவேலம் அயல்நாட்டிலிருந்து பிற்காலத்தே வந்தது. நிலக்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே வந்தவை. ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்து வருமாயின் வந்த நிலத்திற்கு உரியனவாகக் கொள்ளலாம் என்று தொல்காப்பியர் இசைவு தந்துள்ளாரே எனின், அவ்விசைவு நாட்டில் உள்ள கருப்பொருள் நிலம் மயங்குதற்கேயன்றி, நாட்டிலேயே இல்லாத ஒன்றைப் புகுத்துதற்கு அன்று. ஏரியும் நெல்வயலும் பனையும் கொண்ட மருதமே இக்கதைக்கு உரிய நிலம். அவற்றுள்ளும் பனையே தலையாய கருப்பொருள். குடத்துள் இட்ட ஓலையைத் தந்தது அதுவன்றோ? கரையில் நின்ற பனையை முதற்காட்சியில் காட்டி, அதன் ஓலை இறுதியில் ஒருவன் கையில் விழுமாறு அமைப்பின், பின்புலத்தில் நின்ற ஒன்று கதையின் நடுவிற்கு வந்துவிடும்.

அடுத்து, உரிப்பொருள் யாது என்பதைத் தெளிதல் வேண்டும். கல்வெட்டு கூறும் முறையைக் காண்க. இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் காணுமாறு உயர்த்துகின்றார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்க, அது வேறொரு குடத்துள் இட்டுக் குலைக்கப்படுகின்றது. அதனின்று அவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று வாசிக்கின்றான்; பின்னர் நம்பிமார் எல்லோரும் வாசிக்கின்றனர். ஒளிவு மறைவு இன்மையே இதன் உயிர். ஒவ்வோர் அசைவையும் இன்னவாறு நிகழ்தல் வேண்டும் என விதித்துள்ள இக்கல்வெட்டு, அசைவூட்டப் படத்திற்கு எழுதி வைத்த குறிப்புப் போன்றே அமைந்துள்ளது.

எனவே, மண்டபத்தை இருளும் விளக்கொளியுமாக வரைந்து வியப்பூட்ட முயலுதல் இக்காட்சிக்குப் பகையாகும். இருள் மறைப்பது, இக்காட்சியோ வெளிப்படுத்துவது. பகலொளி பரந்த மண்டபமும், தூணின் நிழல் எவர் கையிலும் விழாத அமைப்பும் வேண்டும். விரல்கள் விரியும் அவ்வொரு கணத்தில் தூணும் சுவரும் மறைந்து, வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பத்தின் வெறுங்கல் போல நிலம் ஒழிந்து நிற்றல் தகும். வண்ணம் தீட்டாத கோட்டு வரைவைப் புனையா ஓவியம் என்பது பழந்தமிழ் வழக்கு. அப்புனையா ஓவியம் இக்கணத்திற்கே பொருந்துவது.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். குடவோலை முறையை மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றுதல் வழக்கம். ஆயின், கல்வெட்டு வகுத்த தகுதிகள் எல்லோர்க்கும் உரியன அல்ல. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட அகவை, வேதக் கல்வி ஆகியன உடையோர் பெயரே ஓலையில் ஏறிற்று. அது பிராமணர் சபை. கணக்குக் காட்டாதார் மீண்டும் வாரியம் ஏற்றல் கூடாது என்ற அதன் விதி இன்றைக்கும் போற்றத்தக்கதே. எனினும் ஏரியைத் தூர்வாரியவரும் வயலை உழுதவரும் பெண்டிரும் அக்குடத்துள் இல்லை. முன்னே நிகழும் காட்சியில் இவர்களைப் புகுத்துதல் வரலாற்றிற்குப் பொய்யாகும். முற்றும் மறைத்தலும் பொய்யேயாகும். அவர்கள் நிற்றற்குரிய இடம் பின்புலமே. மண்டபத்தின் வாயிலுக்கு அப்பால் ஏரிக்கரையில் மண் சுமப்பாரையும் நடவு நடுவாரையும் ஓவியர் வரைவாராயின், உரையாடல் ஒன்றும் இன்றியே படம் உண்மையைக் கூறிவிடும். சபையின் நேர்மையையும் அதன் எல்லையையும் காண்போர் ஒருசேர உணர்வர். உள்ளுறை என்பது இதுவே.

பின்புலத்தை அழகுக்காகச் சேர்க்கும் அணியெனக் கொள்ளும் கருத்து மாறுதல் வேண்டும். உரிப்பொருளைத் தெளிந்த பின்னரே நிலமும் பொழுதும் கருவும் தேர்ந்து அமைத்தலும், வேண்டுமிடத்து அவற்றை விலக்குதலும் நம் இலக்கணம் கற்பிக்கும் நெறி. அந்நெறியை ஓவியர்க்கு எடுத்துரைக்கும் கடமை தமிழ் கற்றார்க்கு உண்டு. காஞ்சியின் சுவர்களையும் விதானங்களையும் தமிழ் கற்றார்க்குக் காட்டும் கடமை ஓவியர்க்கு உண்டு. இவ்விருவரும் கூடி அமைக்கும் படத்தில், உத்தரமேரூர்ச் சிறுவன் தன் ஊர் ஏரியைத் தன் ஊர் ஏரியாகவே காண்பான்.