பத்து சதவீதத்துக்குக் கீழே

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளால் ஒரு நன்மை விளைந்தது. அதுவரை நெறியாளரின் மனநிலையைப் பொறுத்திருந்த விஷயத்துக்கு அளவுகோல் கிடைத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இணையத்திலிருந்து அத்தியாயம் அத்தியாயமாக அள்ளிப் போட்டவர்களுக்கு இந்தப் பயம் தேவைதான்.

அந்த எண்ணே பாடமாகிப் போனதுதான் சிக்கல். மேற்கோள் காட்டுவது எப்படி என்று கேட்கும் ஆய்வு மாணவர் குறைவு. ‘பர்சன்டேஜை எப்படிக் குறைப்பது’ என்பதே பேச்சு. “கடல்நீர் உட்புகுவதால் டெல்டாவில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிறது” என்று ஒருவர் எழுதியதை, “கடல்நீர் உள்ளே வருவதால் காவிரிப் படுகையின் நிலத்தடி நீர் உப்பாக மாறுகிறது” என்று மாற்றினால் ஒப்புமை பார்க்கும் மென்பொருளின் கண்ணில் படாமல் தப்பலாம். சொல் மாறியது சரி, ஆய்ந்து சொன்னவர் பெயர் எங்கே? அத்தகைய மென்பொருளைத் தரும் டர்னிடின் நிறுவனமே, தன் எண் ஒப்புமையை மட்டும் காட்டும், திருட்டா என்பதை ஆள்தான் படித்து முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அறிக்கையைப் புரட்டுவதற்குள் முதல் பக்கத்து எண்ணுக்கே கையெழுத்து விழுந்துவிடுகிறது.

தமிழில் எழுதுவோருக்கு ஓட்டை இன்னும் பெரிது. கூகுளில் மொழிபெயர்த்துப் போட்ட ஆங்கிலக் கட்டுரை எளிதில் சிக்காது. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய ஆய்வேடு யூனிகோடு பிரதியோடு பொருந்தாது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனால் விட்டுவிடலாம் என்று விதிமுறைகள் தரும் விலக்கும் ஆங்கிலக் கணக்குதான். உருபும் துணைவினையும் ஒட்டி வரும் தமிழில் 14 சொல்லுக்குள் ஒரு முழு வாதமே முடிந்துவிடும்.

பருவந்தோறும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தவும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறை இரண்டு கிரெடிட் கட்டாயப் பாடம். வெட்டி ஒட்டும் பழக்கமோ அதற்கு வெகு முன்பே, பள்ளிப் புராஜெக்டிலேயே தொடங்கிவிடுகிறது. விக்கிப்பீடியாவின் நீலத் தொடுப்புகள்கூட அழியாமல் அச்சாகி வந்த தாளுக்கு மதிப்பெண் போட்டவர்கள் நாம்தானே. இளங்கலை முதலாண்டில் ஒரு பக்கத்தைப் படிக்கவைத்து, மூடச் சொல்லி, புரிந்ததைச் சொந்தமாக நாலு வரியில் எழுதி, எங்கே எப்போது படித்தது என்று கீழே குறிக்க வைத்தால் எத்தனையோ கருத்தரங்குகளைவிடப் பலன் இருக்கும். அறுபது பேர் எழுதியதைத் திருத்த யாருக்கு நேரம் என்பார் ஆசிரியர். நியாயமான கேள்வி. மத்திய அரசின் ஷோத்சுத்தி திட்டத்தில் ஒப்புமை பார்க்கும் மென்பொருளை நாடெங்கும் கொடுக்க 2019இல் பணம் கிடைத்தது. தாள் திருத்த ஆள் போடத்தான் கிடைக்கவில்லை.