சப்டைட்டில் இல்லாத பையன்

நிகோலஸ் ரோகின் 'வாக்கபவுட்' (1971) படத்தில், ஆஸ்திரேலியப் பாலையில் சிக்கிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் அவள் தம்பியையும் பழங்குடிப் பையன் ஒருவன் காப்பாற்றுகிறான். அந்தப் பையன் டேவிட் குல்பிலில். ஆர்னெம் லேண்டின் யோல்ங்கு மக்களில் ஒருவர். என்ன நடை அது! மண்ணுக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைப்பது போல இருக்கும்.

படம் முழுக்க அவர் தாய்மொழியில்தான் பேசுகிறார். கீழே ஒரு வரி சப்டைட்டில் கிடையாது. அந்தப் பெண்ணுக்குப் புரியாதது நமக்கும் புரியவில்லை. அவள் முன்னால் அவன் ஆடும் கடைசி ஆட்டம் நெஞ்சை அறுப்பது அதனால்தான். ரோக் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. டைட்டிலில் குல்பிலிலின் பெயரைக்கூட 'கும்பிலில்' என்று பிழையாகத்தான் போட்டார்கள்.

ஆனாலும் ஒரு பழங்குடியே பழங்குடியாக நடித்தது அன்றைக்குப் பெரிய மாற்றம். 1967இல் வந்த 'ஜர்னி அவுட் ஆஃப் டார்க்னெஸ்' படத்தில் எட் டெவெரோ என்ற வெள்ளை நடிகர் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு, தடம் பார்க்கும் பழங்குடியாக நடித்தார். பழங்குடிக் கைதியாக வந்தவர் கமால் என்று ஆஸ்திரேலியா கொண்டாடிய பாடகர் கமலேஸ்வரன், மலேசியாவில் பிறந்த தமிழர். தோல் கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். நம்மவர் ஒருவரை வைத்து இன்னொரு மக்களின் இடத்தை நிரப்பினார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

'டென் கனூஸ்' (2006) வேறு உலகம். மானுடவியலாளர் டொனால்ட் தாம்சன் 1930களில் எடுத்த ஒரு புகைப்படம்: அரஃபுரா சதுப்பில் மரப்பட்டை ஓடங்களில் பத்து ஆண்கள். அதை இயக்குநர் ரால்ஃப் டி ஹீரிடம் காட்டியவர் குல்பிலில். ராமிங்கினிங் ஊரைச் சேர்ந்த பீட்டர் ஜிகிர் இணை இயக்குநர். புகைப்படத்தில் இருந்தவர்களோடு உறவுமுறை பார்த்து நடிகர்களை அந்த ஊர்க்காரர்களே முடிவுசெய்தார்கள். தாம்சனின் புகைப்படத்தை நினைவூட்டும் ஓடப் பயணம் கறுப்பு வெள்ளையில். அதற்கும் பல தலைமுறை முந்தைய மூதாதையர் கதை முழு வண்ணத்தில். பழசென்றால் வண்ணம் வெளுக்க வேண்டும் என்ற சினிமா வழக்கத்தையே புரட்டிப்போட்ட இந்த முடிவை நினைத்து நினைத்து ரசிக்கிறேன்.

பாத்திரங்கள் எல்லோரும் பழங்குடி மொழிகளிலேயே பேசும் முதல் ஆஸ்திரேலிய முழுநீளப் படம் இது. வரிசையாக நடந்துபோகும் ஆண்கள், குசு விட்டது யார் என்று சண்டை போடுகிறார்கள். ஞானிகளாகவோ பரிதாபப் பிறவிகளாகவோ மட்டுமே திரையில் வந்துகொண்டிருந்தவர்கள் இங்கே கேலி பேசுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள். சப்டைட்டில் இப்போது நமக்காக ஓடுகிறது. கதை சொல்லும் குரல் குல்பிலிலுடையது. நம்மைச் சீண்டிச் சிரிக்கிறது, பொறுமையாகக் கேட்கச் சொல்கிறது.

பிறகு 'சார்லீஸ் கன்ட்ரி'. 2014 கான் விழாவின் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம். அதன் திரைக்கதை ஆசிரியர்கள் இருவர்: ரால்ஃப் டி ஹீர், டேவிட் குல்பிலில்.