பபூனுக்கு ஒரு ஃபேடர்

மைக்செட் போடுபவர் கைதேர்ந்தவரா என்று தெரிந்துகொள்ள அவர் விரல்கள் ஃபேடர் மேல் ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஃபேடர் வரிசைக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளை டேப்பைப் படித்தாலே போதும். பூலாம்பாடிப் பக்கம் ஒரு திருவிழா நாடகத்தில் நான் படித்த டேப் இப்படிப் போனது: முன் 1, முன் 2, ஆர்மோ, பின்பாட்டு, மிரு வலது, மிரு இடது, ஆல், பபூன், கார்ட்லெஸ், ஐயர். கொஞ்சம் தள்ளிச் சிவப்பு மையில் எக்கோ.

முன் 1, முன் 2 என்றால் மேடை விளிம்பில் நிற்கும் மைக்குகள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அவற்றை நோக்கித்தான் நடந்து வருவார்கள். ஆல் என்றால் ஆல்ரவுண்ட். குதிரைக் குளம்பு முதல் பபூன் விழும் சத்தம் வரை தட்டிக் காட்டும் கலைஞர். ஐயர் மைக் கோயிலுக்குள் இருக்கிறது, தீபாராதனை அறிவிப்புக்கு. பபூனுக்கு ஏன் தனி ஃபேடர் என்று கேட்கவே வேண்டாம். அவர் பேச்சு எல்லை தாண்டினால் விழாக் கமிட்டிப் பெரியவர் மேடைக்கு ஓட மாட்டார், நேரே இந்த மேசைக்குத்தான் வருவார். யார் எங்கிருந்து பேசுவார்கள், யாரை எப்போது அடக்க வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் மாலை ஐந்து மணிக்கே யோசித்தவர் எழுதிய டேப் அது.

பூலாம்பாடி பச்சைமலை அடிவாரத்து ஊர். பக்கத்து அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகளின் உளி பிடிக்கும் நயத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே சுற்றுவட்டாரத்தில் மினி லாரியில் பாக்ஸ் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் கைநயத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சத்தம் அதிகமானால் திட்டுகிறோம், சரியாக இருந்தால் அவர் இருப்பதையே மறந்துவிடுகிறோம். எனக்கு இந்தக் கலையில் பிடித்தது சத்தமே அல்ல, சத்தம் போகும் வழி. எந்த ஒலி யார் காதுக்குப் போக வேண்டும், யார் காதுக்குப் போகவே கூடாது என்ற தீர்மானம்தான் மிக்சர்.

மேடையிலிருந்து தொடங்குவோம். மைக்கில் பிறப்பது மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும் மின்னலை. கேனன் பின் மாட்டிய கேபிள் வழியாக மிக்சருக்கு வந்ததும் அது முதலில் சந்திப்பது கெயின் குமிழை. 60 டெசிபெல் ஏற்றினால் வோல்டேஜ் ஆயிரம் மடங்காகிவிடும். கண்டென்சர் மைக் என்றால் அதே கேபிளில் எதிர்த்திசையாக மிக்சரிலிருந்து 48 வோல்ட் போய் அதற்கு உயிர் கொடுக்கும். கெயினைத் தாண்டினால் அடித்தொண்டை உறுமலையும் காற்று மோதும் சத்தத்தையும் வெட்டும் ஃபில்டர், பிறகு ஒலியின் நிறத்தைத் திருத்தும் ஈக்யூ, பிறகு ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர். பிரியும் வழிகள் எல்லாம் கெயினுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அதனால் கெயினைத் தொட்டால் பொதுமக்கள் கேட்பது, நடிகர் கேட்பது, எக்கோவுக்குப் போவது எல்லாமே ஒன்றாக ஆடும். சவுண்ட் செக்கில் ஒருமுறை வைத்துவிட்டால் அதோடு சரி. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது கெயினைத் திருகுகிறவரை நான் நம்புவதில்லை.

இனி வருவதுதான் ருசியான இடம். ஒவ்வொரு சேனலிலும் ஃபேடருக்கு மேலே ஆக்ஸ் என்று நாலைந்து குமிழ்கள் வரிசையாக இருக்கும். அந்தச் சேனலின் ஒலியில் கொஞ்சத்தைக் கிள்ளி வேறு இடத்துக்கு அனுப்புவது இவற்றின் வேலை. எங்கே கிள்ளுகிறோம் என்பதில்தான் விஷயம். ஃபேடருக்கு முன்னால் கிள்ளினால் ப்ரீ, பின்னால் கிள்ளினால் போஸ்ட். ஏரிப்பாசனம் தெரிந்தவருக்கு இது சட்டென்று புரியும். மதகுக்கு மேலே கரையில் வெட்டிய வாய்க்காலுக்கு மதகு திறந்தால் என்ன, மூடினால் என்ன. கீழே வெட்டியதற்கு மதகுதான் எல்லாம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தண்ணீரைப் பங்கு போட்டால் கடைமடைக்காரர் சண்டைக்கு வருவார். ஒலியை எத்தனை பக்கம் பிரித்தாலும் முதல் ஆளுக்குக் குறைவதில்லை.

ப்ரீயா போஸ்ட்டா என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆர்மோனியக்காரரைக் கவனியுங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் மாதிரியான இசை நாடகத்தில் அவர்தான் அச்சாணி. நடிகர் வசனத்தை முடித்துச் சட்டென்று பாட்டுக்குத் தாவும்போது சுதியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், மேலடுக்கில் கூடவே பாடவும் வேண்டும். மேடை ஓரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மானிட்டர் பாக்ஸ் வழியாகத்தான் நடிகரின் குரல் தெளிவாக வரும். நடிகர் மைக்கை விட்டு விலகி நடக்கும்போது செட்டுக்காரர் முன் மைக்கைக் கொஞ்சம் இறக்குவார், காற்று இரைச்சல் ஏறாமல் இருக்க. மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் போஸ்ட்டில் இருந்தால் அந்த இறக்கத்தோடு ஆர்மோனியக்காரரின் காதும் அடைத்துவிடும். அடுத்த பாட்டின் எடுப்பைக் குத்துமதிப்பாகப் பிடிப்பார். கூட்டம் ‘இன்னைக்கு ஆர்மோனியம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும். ப்ரீயில் இருந்தால் ஃபேடரை எப்படி ஆட்டினாலும் அவர் காதில் குரல் நிற்கும். அவருக்குக் கேட்கவில்லை என்றால் கையை உயர்த்திச் சொல்லவும் முடியாது. ஒரு கை துருத்தியில், ஒரு கை கட்டையில். தாடையை ஒரு தூக்குத் தூக்குவார், அவ்வளவுதான். அந்தத் தாடை அசைவுக்காகவே மேடையின் அந்த மூலையை அடிக்கடி பார்க்கும் செட்டுக்காரரை நான் பார்த்திருக்கிறேன். கும்பிடத் தோன்றும்.

இதே ப்ரீ கற்றுக்குட்டியைக் காட்டியும் கொடுத்துவிடும். மேடையில் ஊளை கிளம்பியதும் அவர் ஃபேடரை இழுப்பார். ஊளை நிற்காது. இன்னொரு ஃபேடரை இழுப்பார். பாட்டு காணாமல் போகும், ஊளை இருக்கும். சத்தம் சுற்றுவது மானிட்டர் வழியில். அந்த வழிக்கும் ஃபேடருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தெரிந்தவர் கை ஃபேடர் பக்கமே போகாது, நேரே ஆக்ஸ் குமிழுக்குப் போகும். ஊளை எழுந்த ஒரு விநாடிக்குள் மனசுக்குள் வழி முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிடுகிற கை அது.

எக்கோவுக்கு வருவோம். நம் ஊர்களில் எக்கோ இல்லாத அறிவிப்பு அறிவிப்பே இல்லை. ‘பக்தகோடிகளே’ என்பது மூன்று முறை மலையில் மோதித் திரும்பினால்தான் திருவிழாவுக்குக் களை. எனக்கு இதில் புகார் கிடையாது. ஆனால் எக்கோவுக்குப் போகும் வழி போஸ்ட்டில் இருக்க வேண்டும். ப்ரீயில் விட்டால் ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும் ஆள் இல்லாத எதிரொலி மட்டும் மேடையில் உலாவும்.

இந்த அனுப்பித் திரும்ப வாங்கும் ஏற்பாட்டின் பழைய கதை ஒன்று ரசிக்கத் தக்கது. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியாளர் ஹார்மோனிகா வாசிக்கும் மூவர் குழுவைப் பதிவு செய்தபோது, எதிரொலிக்குக் கட்டடத்தின் குளியலறையைப் பயன்படுத்தினார். ஓர் ஒயர் குளியலறை ஸ்பீக்கருக்குப் போனது, அங்கிருந்த மைக்கிலிருந்து இன்னோர் ஒயர் திரும்பி வந்தது. மிக்சரில் எக்கோ அனுப்பும் குமிழும் திரும்பும் சேனலும் ஒரே இடத்தில் அமைந்ததில் அதே புட்னத்தின் பங்கு பெரிது. இன்று குளியலறை ஒரு சிப்புக்குள் அடங்கிவிட்டது. வழி அப்படியே இருக்கிறது. திரும்பும் சேனலின் எக்கோ குமிழை மறந்துபோய்த் திறந்து வைத்தால் எக்கோவே எக்கோவுக்குப் போய்ப் பெருகி அலறுவதும் அப்படியே இருக்கிறது.

இதைவிட நுட்பமான ஒன்று. மிருதங்கம் இரண்டு மைக், ஆல்ரவுண்ட் ஒன்று. மூன்றையும் ஒரே கையில் ஏற்றி இறக்க ஒரு குரூப்பில் சேர்ப்பார்கள். குரூப் என்பது நிஜமான தடம், ஒலி அதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் எக்கோவுக்கான கிள்ளல் சேனலிலேயே முடிந்துவிட்டது. ஆகவே குரூப்பை இறக்கினால் தாளம் தணியும், அதன் எதிரொலி மட்டும் தணியாது. தாளம் எங்கோ தூரத்துக் கிணற்றுக்குள் போனதுபோல் ஒலிக்கும். டிசிஏ என்று இன்னொரு வகை ஃபேடர் உண்டு. அதன் வழியே ஒலி போவதே இல்லை. சேனல் ஃபேடர்களைத் தொலைவிலிருந்து இயக்கும் கை மட்டும்தான் அது. அதை இறக்கினால் எதிரொலியும் சேர்ந்து இறங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். காதுக்கு ஒன்றல்ல.

பூலாம்பாடி மாதிரி ஊரில் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் ரசிகர்கள் இல்லை. தெருக்கோடியில், கடைத்தெருவில், கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய்களின் கீழேயும் கேட்கிறார்கள். குழாய்கள் 100 வோல்ட் லைனில் நீளமான ஒயரில் ஓடுபவை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலியை அவற்றுக்கு அனுப்பினால் கரகரப்புதான் மிஞ்சும், யூனிட்டும் போகும். மெயினுக்குப் போகும் கலவையை அப்படியே குழாய்க்கும் தள்ளுவது சோம்பேறித்தனம். மேட்ரிக்ஸ் என்ற வழி இதற்காகவே இருக்கிறது. குரல் குரூப்பில் நிறைய, தாளத்தில் ஒரு சிட்டிகை, கீழ்ச்சுரங்கள் வெட்டி, குழாய்க்கென்று தனிக் கலவை. தாமதத்தையும் அங்கேயே வைக்கலாம். நம் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி இருக்கும் குழாய்க்கு ஒயர் வழியே குரல் உடனே வந்துவிடும், மேடையிலிருந்து காற்றில் வரும் குரல் ஐந்தில் ஒரு விநாடி பிந்தும். அந்தக் குழாயின் கீழே நிற்பவருக்கு முருகன் இரண்டு முறை வசனம் பேசுவார். குழாயை அந்த அளவு பிந்தவிட்டால் ஒரே முருகன்.

குழாய்க்குத் தனி வழி இருப்பதில் சட்டச் சௌகரியமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாட்களில், ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடக்கும் நாடக மரபு இந்தக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. காவலர் வந்து நின்றால் மேட்ரிக்ஸின் மியூட் பட்டனை அழுத்தினால் போதும். தெரு அடங்கிவிடும், மேடை அறுபடாது. அதற்குப் பிறகு நடப்பது கமிட்டிக்கும் காவலருக்கும் இடையிலான பேச்சுவார்த்தை.

சென்னை ஸ்டுடியோக்களில் இதே வித்தைக்கு வேறு முகம். மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் படங்களுக்காக நான்கு முறை தேசிய விருது பெற்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரின் பெயர் சொன்னால் இந்தத் தலைமுறைச் செட்டுக்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஸ்டுடியோவில் பாடகருக்கு ஹெட்போனில் எக்கோ கலந்த குரல் கேட்கும், பதிவாவதோ எக்கோ கலக்காத குரல். பாடுபவருக்குச் சுகம், பிறகு கலவை செய்பவருக்குச் சுதந்திரம். சபாக் கச்சேரிகளைப் பற்றி நீட்ட வேண்டாம். அங்கே பாடகர் விரலால் மேலே காட்டிக்கொண்டே இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பெரிய மேடைகளில் கதை வேறு. பூலாம்பாடிக்குப் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில், 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் முன்னிலையில் இளையராஜா திருவாசகத்தை மேடையேற்றினார். அந்த அளவு மேடைகளில் பொதுவாக ஒவ்வொரு மைக்கும் மிக்சரைத் தொடும் முன்பே ஸ்ப்ளிட்டரில் மூன்றாகப் பிரியும்: கூட்டத்துக்கு ஒன்று, கலைஞர்களின் மானிட்டருக்கு ஒன்று, ஒளிபரப்புக்கு ஒன்று. மூன்று மேசை, மூன்று ஆள், மூன்று வேறு கலவை. டிவியில் கேட்டதும் நேரில் கேட்டதும் ஒன்றாக இருக்காது. பூலாம்பாடி மேசையில் அந்த மூன்று ஆளும் ஒருவரே.

டிஜிட்டல் மிக்சர் வந்த பிறகு அந்த ஒருவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. 2012இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 போன்றவைதான் பெரிய கச்சேரிக் குழுக்களின் வசதிகளைச் சின்ன ஊர்ச் செட்டுகளுக்கும் கொண்டுவந்தன. 32 சேனல், 16 பஸ், 6 மேட்ரிக்ஸ், ஒவ்வொரு வழிக்கும் ப்ரீயா போஸ்ட்டா என்று திரையில் தேர்வு. கையளவு தடிமனான மல்ட்டிகோர் கேபிளுக்குப் பதில் மேடைவரை ஒரு லேன் கேபிள். நான் பார்த்தவற்றில் பெயர் காட்டும் குட்டித் திரை தமிழ் எழுத்தைக் காட்டுவதில்லை என்பது ஒரு குறை. இன்னொரு குறை பெரியது. எந்தச் சாக்கெட்டையும் எந்தச் சேனலுக்கும் திருப்பிவிட முடியும் என்பதால், வழி இப்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நேற்றிரவு வேறு ஊரில் சேமித்த அமைப்பை அப்படியே எழுப்பினால், நேற்று நாகஸ்வரம் இருந்த சேனலில் இன்று பபூன் வந்து உட்காருவார், நாகஸ்வரத்துக்கு வைத்த ஈக்யூவோடும் எக்கோவோடும். பழைய அனலாக் மேசையில் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் தப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியும்.

ஆனாலும் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் நடந்து போக முடிகிறதே, அது பெரிய விஷயம். முன்பெல்லாம் குழாய் எப்படிக் கேட்கிறது என்று ஒரு பையனை அனுப்பிக் கேட்டுவரச் சொல்வார்கள். அவனும் பாதி வழியில் பொரி கடலை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டு, ‘சூப்பரா கேக்குதுண்ணே’ என்று வந்து சொல்வான். இப்போது செட்டுக்காரரே குழாயின் கீழே நின்று குழாயின் கலவையைத் திருத்துகிறார். கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன் இருப்பதால் வைஃபை அறுந்துபோகும் சாத்தியம் உண்டு. அதற்காக மேசையில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பையனையே நிறுத்தலாம்.