க்ரோனோஸ்: பிள்ளைகளை விழுங்கும் முதுமை

இறவாமையை விரும்பாத சமுதாயம் மனித வரலாற்றில் இருந்ததில்லை. சுமேரியரின் கில்காமேஷ் தன் தோழனின் மரணம் கண்டு அஞ்சி, இளமை தரும் செடியைத் தேடிச் சென்றான். கிடைத்த செடியைப் பாம்பு கவர்ந்து சென்றது. பாரசீகக் காவியங்களில் இஸ்கந்தர் இருள் நிலத்தில் ஜீவ நீரைத் தேடி அலைந்து வெறுங்கையுடன் மீண்டான். இவை யாவற்றுக்கும் முற்பட்டதாக நம் திருமறை ஒரு நிகழ்வை எடுத்துரைக்கிறது. ஆதம் (அலை) அவர்களை வழிதவறச் செய்ய இப்லீஸ் காட்டிய ஆசை பொன்னோ பொருளோ அன்று. நிலைத்த வாழ்வைத் தரும் மரமும் அழியாத ஆட்சியுமே ஆகும் என்பதை தாஹா அத்தியாயத்தில் காண்கிறோம். மனிதனின் முதற் சறுக்கலே சாகாவரத்தின் மீதான ஆசையில் தொடங்கியது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இவ்வாசையை இன்றைய திரைக்கலை பெரும்பாலும் இரத்தக் காட்டேரிக் கதைகளின் வழியே பேசுகிறது. அவற்றுட் பல அச்சத்தையும் இச்சையையும் விற்கும் மலினச் சரக்குகளே என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் 1993-இல் மெக்சிகோவில் வெளிவந்த 'க்ரோனோஸ்' அவ்வரிசையில் வைத்து ஒதுக்கத்தக்கதன்று. கில்லெர்மோ டெல் டோரோ என்னும் இளைஞர், ஹாலிவுட்டின் பெரு நிறுவனங்களைச் சாராமல், இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. அவ்வாண்டே கான் விழாவின் விமர்சகர் வாரப் பரிசைப் பெற்றது. பின்னாளில், 2018-இல், வேறொரு படத்துக்காக ஆஸ்கர் விருதும் பெற்ற அவருடைய கலையின் வேர்கள் இம்முதற் படத்திலேயே தெரிகின்றன.

பெயரிலிருந்தே தொடங்குவோம். கிரேக்கப் புராணத்தில் க்ரோனோஸ் என்பவன் தன் தந்தையை வீழ்த்தி ஆட்சியைக் கைப்பற்றியவன். தன் மகன் ஒருவனால் தானும் வீழ்வான் என்று அறிந்ததும், மனைவி ரேயா பெற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக விழுங்கினான். கடைசி மகனான ஜீயஸை ரேயா ஒளித்துவைத்து, துணியில் சுற்றிய கல்லை அவனிடம் கொடுத்தாள், அதையும் விழுங்கினான். கிரேக்க மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடையது. எழுத்தில் மட்டுமே வேறுபடும். இரு சொற்களும் வேர் ஒன்றினின்று தோன்றியவை அல்ல எனினும், பழங்காலத்திலேயே கிரேக்கர் அவற்றை இணைத்துப் பொருள் கண்டனர் என்பதைப் புளூட்டார்க் பதிவு செய்துள்ளார். ஈன்றதையே விழுங்குவது காலம் என்பது அவ்விணைப்பின் கருத்து. டெல் டோரோ அப்புராணத்தை மீண்டும் சொல்லவில்லை. ஜீயஸோ ரேயாவோ படத்தில் இல்லை. ஆயினும் க்ரோனோஸின் குற்றம் படம் முழுவதும் நடமாடுகிறது. அவனை ஏவியது பசியன்று. தன் இடத்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமையே ஆகும்.

கதை இதுதான். 1536-இல் சமய விசாரணைக்கு அஞ்சி மெக்சிகோவின் வேராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கிய இரசவாதி ஒருவர், அரசப் பிரதிநிதியின் கடிகாரக் கலைஞராகப் பணிபுரிகிறார். ஆயுளை நீட்டும் பொற்கருவி ஒன்றையும் செய்கிறார். 1937-இல் கட்டடம் ஒன்று இடிந்து விழும்போது, நெஞ்சு துளைக்கப்பட்டு இறக்கிறார். இரசவாதத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் 'அல்கீமியா' என்பதிலிருந்தும், உயிர் நீட்டும் மருந்தின் பெயர் 'அல்இக்ஸீர்' என்பதிலிருந்தும் சென்றவை என்பதை அரபி மாணவர்கள் அறிவர். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இரசவாதத்தின் மெய்ம்மையை மறுத்துத் தனி அத்தியாயமே எழுதினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அக்கருவி நம் காலத்தில் ஹெசூஸ் கிரிஸ் என்னும் முதிய பழம்பொருள் வணிகரின் கடையில், வானவர் சிலையொன்றின் அடிப்பகுதியில் கிடைக்கிறது. அது வண்டு வடிவானது. கால்களை நீட்டிக் கையைப் பற்றி ஊசியால் குத்துகிறது. அதன் பற்சக்கரங்களுக்கு நடுவே உயிருள்ள பூச்சியொன்று அவருடைய குருதியை வடிகட்டுகிறது. மறுநாள் அவருக்கு இளமை திரும்புகிறது, மீசையை மழித்துக்கொள்கிறார், மனைவி வியக்கிறார். பின்னர்க் குருதி வேட்கை தொடங்குகிறது. இதனிடையே டீட்டர் டெ லா குவார்தியா என்னும் நோயுற்ற செல்வர், இரசவாதியின் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கருவியைத் தேடுகிறார். அவருடைய தங்கை மகனோ அண்ணன் மகனோ, ஏஞ்சல் என்னும் அம்முரடன், அவருடைய சாவை எதிர்நோக்கியே ஏவல் செய்கிறான்.

ஆக, படத்தில் மூன்று முதியவர்கள் இருக்கின்றனர். இரசவாதி பிறர் குருதியில் நானூறு ஆண்டுகள் வாழ்ந்தவர். டீட்டர், அறுத்தெடுக்கப்பட்ட தம் உறுப்புகளைக் கண்ணாடிக் குடுவைகளில் வைத்துக்கொண்டு, கிருமி நீக்கிய அறைக்குள் ஒடுங்கிக் கிடப்பவர். வாழ்வைச் சேமிக்கிறாரே தவிர வாழ்வதில்லை. வாரிசைக் காத்திருக்கவைத்தே கெடுத்த அவரே இக்கதையின் மெய்யான க்ரோனோஸ். மூன்றாமவர் கிரிஸ். அவர் பேராசைக்காரர் அல்லர். அன்பான கணவர், கனிவான பாட்டனார். நல்லவர் ஒருவரும் அதே ஊசிக்கு மெல்ல மெல்லக் கையை நீட்டுவதைக் காட்டுவதில்தான் படத்தின் வலிமை இருக்கிறது. புத்தாண்டு விருந்தொன்றில் மூக்கிலிருந்து குருதி வடியும் ஒருவரைப் பின்தொடர்ந்து கழிவறைக்குச் செல்லும் அவர், தரையில் சிந்திய துளிகளைக் குப்புறப் படுத்து நக்குகிறார். நேர்த்தியான உடையணிந்த கண்ணியவான் ஒருவர் அந்நிலைக்குத் தாழ்வதைக் காணும்போது நமக்குத் தோன்றுவது அச்சமன்று, வெட்கம். குருதியை உண்பதற்கு மார்க்கம் விதித்த தடைக்குப் பின்னே மனித மாண்பு பற்றிய அக்கறையும் உண்டு என்பதை இக்காட்சி தன்னையறியாமல் விளக்குகிறது.

கிரிஸின் பேத்தி பெயர் அவ்ரோரா. பெற்றோரை இழந்தவள், பேசாதவள். அவ்ரோரா என்பது வைகறைத் தேவதையின் இலத்தீன் பெயர். கிரேக்கர் அவளை ஈயோஸ் என்பர். ஈயோஸ் தன் காதலன் டித்தோனஸுக்கு ஜீயஸிடம் சாகாவரம் கேட்டாள்; இளமையைக் கேட்க மறந்தாள். அவன் இறவாமல் மூத்துத் தளர்ந்தான். இறுதியில் அவனை அறையொன்றில் கிடத்திக் கதவை அடைத்தாள். அவன் சிள்வண்டாகிப் போனான் என்பது பிற்கால மரபு. படத்தில், இறந்தும் இறவாமல் தோலுரிந்து திரும்பிவரும் பாட்டனாரை அவ்ரோரா தன் பொம்மைப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடியைச் சாத்துகிறாள். வைகறை, அடைத்த பெட்டி, பூச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பதைக் காணும்போது, தலைப்பில் உள்ள புராணத்தைவிட இப்புராணமே படத்தின் உள்ளே ஆழமாக ஓடுகிறது என்று நாம் கருதுகிறோம். இயக்குநர் இதனை எண்ணியே செய்தாரா என்பது நம் வினாவன்று. பெயர்கள் தம் கதைகளையும் சுமந்தே வருகின்றன. தள்ளாத வயதின் இழிநிலைக்குத் திருப்பப்படுவதைவிட்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்பதை அறிந்த நமக்கு, டித்தோனஸின் கதை அந்நியமானதன்று.

ஹோமரின் ஒடிசியில் இறந்தோரின் நிழல்கள் பலியிட்ட ஆட்டின் குருதியைப் பருகிய பின்னரே ஒடிசியஸுடன் மெய் பேசும் ஆற்றல் பெறுகின்றன. படத்தின் முடிவு அதனைத் தலைகீழாக்குகிறது. படுகாயமுற்ற கிரிஸின் எதிரே பேத்தியின் உள்ளங்கை குருதி கசிய நிற்கிறது; அவருடைய வாய் அதை நோக்கிச் செல்கிறது. அப்போது அக்குழந்தை முதன்முறையாக வாய் திறந்து 'பாட்டனாரே' என்னும் பொருள்படும் ஒரே சொல்லைச் சொல்கிறாள். அவர் தம் பெயரைத் தாமே உரைத்துக்கொண்டு, கருவியைக் கல்லால் நொறுக்குகிறார். குருதியைப் பருகி இறந்தவர் பேசுவது அங்கே. குருதி மறுக்கப்பட்டதால் குழந்தையின் பேச்சு பிழைப்பது இங்கே. மனைவியும் பேத்தியும் அருகிருக்க, காலை ஒளியில் அவர் தம் படுக்கையில் உயிர் விடுகிறார். விழுங்கும் வாய்ப்பிருந்தும் விழுங்காத க்ரோனோஸ் அவர்.

குறைகளையும் கூறுதல் கடமை. கிறிஸ்தவக் குறியீடுகள் அளவுக்கு மீறி அடுக்கப்பட்டுள்ளன. நாயகருக்கு ஹெசூஸ், அதாவது இயேசு, என்று பெயர். முரடனுக்கு வானவர் என்று பெயர். நடுவே உயிர்த்தெழுதலும் உண்டு. பார்ப்பவர் தாமே உணர வேண்டியதைப் பெயர்ப்பலகை மாட்டிச் சொல்வது கலைக்கு அழகன்று. ஏஞ்சலின் வன்முறைக் காட்சிகளில் கேலிச் சித்திரத்தின் சாயல் விழுகிறது. அனைத்தினும் பெரிய குறை, மனைவி மெர்செடெஸ் பற்றியது. கணவரை இழந்து துக்கம் காக்கும் அப்பெண்மணியின் வீட்டிலேயே அவர் ஒளிந்திருக்கிறார். அவருடைய துயரத்தின் மீது படம் கண்ணோட்டம் செலுத்துவதே இல்லை. சிறுவர் காணத்தக்க படமும் அன்று.

இனி, இப்படத்தைப் பற்றி நாம் எழுத முற்பட்டதன் காரணத்தை மறைக்க விரும்பவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் நடத்திவந்த அல்ஃபிய்யா பாடத்தை, நம்மிடமே ஓதிய இளம் ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கலாமே என்று சென்ற கல்வியாண்டின் இறுதியில் பேச்சு எழுந்தது. அவர் நம்மினும் தெளிவாக நடத்துவார் என்பதை நாம் அறிவோம். ஆயினும் "இன்னும் ஓராண்டு போகட்டும்" என்றோம். காரணம் கேட்டவர்களுக்கு மாணவர் நலன் என்று விடை கூறினோம். அந்த வாரத்தில்தான் இப்படத்தைக் கண்டோம்.

முதியவரின் உள்ளம், உலகப் பற்றிலும் நீண்ட நம்பிக்கையிலும் இளமையாகவே இருக்கும் என்னும் கருத்துடைய நபிமொழியைப் பலமுறை விளக்கியுள்ளோம். அது நம்மைப் பற்றியதும் ஆகும் என்று எண்ணியதில்லை. வீட்டின் சாவியை, நிர்வாகத்தின் நாற்காலியை, பள்ளியின் மிம்பரை, பாடத்தின் ஏட்டை இறுகப் பற்றியிருக்கும் நம் கரங்களில் பொன்வண்டின் ஊசித் தழும்பு இல்லை என்று யார் கூற இயலும்? ஷவ்வாலில் கல்லூரி திறந்தபோது அப்பாடத்தை ஒப்படைத்தோம். முதல் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டோம். நாம் எடுத்துக்காட்டாத ஒரு சான்றை அவர் எடுத்துக்காட்டினார். அல்ஹம்துலில்லாஹ்.