சுவரை அறியாத மென்பொருள்

சொந்த வீடு கட்டுபவருக்கும் சிறிய அளவில் தொழில் செய்யும் பொறியாளருக்கும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைப் பரிந்துரைப்பவர்கள் இன்று இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: காசில்லாமல் கிடைக்கிறதா, ஒரு மணி நேரத்தில் கைக்கு வருகிறதா? பயிற்சிக் காணொளிகளும் குறுகிய கால வகுப்புகளும் இந்தக் கணக்கில் ஸ்கெட்சப்பை உச்சியில் வைக்கின்றன. கேள்விகளே போதாதவை என்பது என் நெடுநாள் கருத்து.

ஸ்கெட்சப்பின் பெருமையை மறுக்கவில்லை. ஒரு செவ்வகம் வரைந்து, அதை இழுத்த மாத்திரத்தில் கட்டடமாக எழுப்பும் அதன் 'புஷ்-புல்' கருவி அருமையான கண்டுபிடிப்பு. 2006-இல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தபோது, கணினி வரைகலை பல லட்சம் பேருக்கு எட்டியது. 2012-இல் டிரிம்பிள் கைக்கு மாறிய பிறகும் உலாவியில் இயங்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது. வரைபடம் படிக்கத் தெரியாத வீட்டுப் பெரியவர்கூட அதில் வரைந்த படத்தைப் பார்த்து 'இந்த ஜன்னலை அந்தப் பக்கம் தள்ளு' என்று சொல்ல முடிகிறது. இவ்வளவும் உண்மை.

ஆனால் ஸ்கெட்சப்புக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தவை கோடுகளும் முகங்களும் மட்டுமே. 9 அங்குலச் சுவரை எழுப்பினால், அது நமக்குத்தான் சுவர். மென்பொருளுக்கு எதிரெதிரே நிற்கும் இரண்டு தனி முகங்கள். அதில் ஒரு ஜன்னலை வைத்தால், ஒட்டிய முகம் மட்டும் திறக்கும். மறுமுகத்தை நாமே வெட்ட வேண்டும். அதே சுவரை 4½ அங்குலமாக்க வேண்டுமென்றால் மூலைக்கு மூலை இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

படிக்கட்டில் இது இன்னும் மோசம். 10 அடி தள உயரத்துக்கு 6 அங்குலப் படிகள் 20 போட்டிருக்கிறோம். பீம் ஆழத்தைக் கணக்கிட்ட பிறகு உயரத்தை 10 அடி 6 அங்குலமாக்கச் சொல்கிறார் பொறியாளர். மேல்தளத்தை 6 அங்குலம் தூக்கினால் படத்தில் தளம் மட்டும் ஏறும். படிக்கட்டு அந்த 6 அங்குலம் குறையாகவே நிற்கும். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. 21-ஆவது படிக்கு இன்னும் 10 அங்குல நீளம் வேண்டும், அது கூடத்துக்குள் வந்து கதவை மறிக்கும் என்பதெல்லாம் சென்ட்ரிங் அடிக்கும் நாளில்தான் மேஸ்திரியின் கண்ணில் படும். வீட்டு வடிவமைப்பு என்பதே மாற்றங்களின் வேலை. முதல் மணி நேரத்தில் சுகம் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்திலும் தண்டிக்கும் கருவியை எளிது என்று எப்படிச் சொல்வது?

'அது படத்துக்கு, வரைபடத்தை ஆட்டோகேடில் தனியாகப் போடுவோமே' என்பார்கள். ஆபத்தே அங்குதான். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டது ஒரு வீடு, கொத்தனார் கையில் இருப்பது இன்னொரு வீடு. ஸ்கெட்சப்பின் இலவசப் பதிப்பிலிருந்து ஆட்டோகேடுக்கான டிடபிள்யூஜி கோப்பும் எடுக்க முடியாது; எல்லா அளவையும் மறுபடி கையால் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் அனுமதி கிடைக்கிறது. அங்கே கொடுக்கும் அளவுக்கு விண்ணப்பிப்பவரே பொறுப்பு. இப்படியிருக்க, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வரைபடங்களை வைத்துக்கொண்டு வீடு கட்டத் துணிவது சரியல்ல.

மாற்று இல்லாமலும் இல்லை. 2006-இல் வெளிவந்த ஸ்வீட் ஹோம் 3டி முழு இலவசம். அதன் கூரை வசதி சொற்பம், படிக்கட்டு வெறும் அறைகலன் போலத்தான். ஆனாலும் சுவருக்குத் தடிமன் உண்டு, கதவை வைத்தால் சுவர் திறந்துகொள்ளும். 2024-இல் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேடும் இலவசம். அதில் சுவரின் தடிமன் ஓர் எண். படிக்கட்டின் உயரத்தையும் படி எண்ணிக்கையையும் கொடுத்தால் ஒரு படியின் உயரம் தானே கணக்காகும். பழக நாளாகும், முதல் வாரம் எரிச்சலூட்டும். அந்த எரிச்சல் கட்டடத்தைக் கற்பதன் விலை. அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் ஒரு சிறு வீட்டை வரைந்து, சுவர்த் தடிமனையும் தள உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். எவை கூடவே மாறுகின்றன, எவை மாறாமல் நிற்கின்றன என்று எண்ணுங்கள். கற்க எடுத்த நேரத்தைவிட அந்த எண்ணிக்கைதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.