அத்ரியானின் யூப்பித்தர் கோயில்: சான்றுகள் தாங்குமா?

எருசலேம் தேவாலயம் இருந்த மேட்டின்மேல் பேரரசன் அத்ரியான் யூப்பித்தருக்குக் கோயில் எழுப்பினான் என்பது நம் பிரசங்கங்களில் ஐயமின்றிக் கூறப்பட்டு வருகிறது. மத்தேயு 24:15இன் ‘பாழாக்குகிற அருவருப்பு’ இதனால் நிறைவேறிற்று என்பாரும் உளர். நாமும் பல்லாண்டுகள் வகுப்பில் அவ்வாறே கற்பித்தோம். மூல நூல்களை மீண்டும் வாசிக்கையில் அத்துணிவு நம்மை விட்டு நீங்கிற்று.

அடிப்படைச் சான்று ஒரே வாக்கியம். அத்ரியான் ஏலியா கப்பித்தோலினா என்னும் நகரை நிறுவி, ‘தேவனுடைய ஆலயத்தின் இடத்தில்’ யூப்பித்தருக்கு வேறொரு கோயிலை எழுப்பியதே பார் கொக்பா கலகத்தை (கி.பி. 132–135) மூட்டியது என்று டியோ காசியுஸ் உரைக்கிறார். ஆயினும் டியோ எழுதிய இப்பகுதி நம் கைக்கு எட்டவில்லை. பதினோராம் நூற்றாண்டில் சிபிலினுஸ் என்னும் கிறிஸ்தவத் துறவி செய்த சுருக்கத்தையே நாம் வாசிக்கிறோம். உரோமப் பேரவையினரும் புறமதத்தவருமான டியோ, ‘தேவனுடைய ஆலயம்’ என்று எழுதியிருப்பாரா? அச்சொற்கள் துறவியின் வாய்மொழியாகவே ஒலிக்கின்றன. ‘இடத்தில்’ என்பதும், அதே நிலத்தின்மேல் என்றும் அதற்குப் பதிலாக என்றும் இருவகையாய்க் கொள்ளத்தக்கது.

நகர் நிறுவப்பட்ட காலத்தைப் பொறுத்தமட்டில் டியோவை நம்பலாம். கலகத்திற்குப் பின்னரே ஏலியா உண்டாயிற்று என யூசேபியுஸ் குறித்திருப்பினும், கலகக்காரரின் காசுகளோடு ஏலியாவின் காசுகளும் கலந்து கிடைத்திருப்பது டியோவின் வரிசைக்கே துணை நிற்கிறது. கோயிலின் இடத்திற்கு இத்தகைய துணை இல்லை.

பாலஸ்தீனச் செசரியாவில் வாழ்ந்த யூசேபியுஸ், ஆலய மேட்டின் கற்கள் பிற கட்டடங்களுக்காக எடுத்துச் செல்லப்படுவதைக் கண்டு வருந்துகிறார். அங்கே யூப்பித்தர் கோயில் நின்றிருந்தால், அவர்தம் வாதத்திற்கு அதைவிட வலிய கருவி யாது? அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. மௌனத்தைக்கொண்டு வாதிடுதல் அபாயமே. ஆனால் இது பேசவேண்டியவரின் மௌனம். கி.பி. 333இல் வந்த போர்தோ நகரத்து யாத்திரிகரும் அத்ரியானின் இரு சிலைகளையும், யூதர் ஆண்டுதோறும் எண்ணெய் பூசிப் புலம்பிய துளையுள்ள கல்லையும் குறிக்கிறாரேயன்றி, யூப்பித்தர் கோயிலென்று எதையும் குறிக்கவில்லை.

ஜெரோமின் சாட்சியம் தன்னோடே முரண்படுகிறது. பெத்லகேமில் வாழ்ந்த அவர், மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்தில் குதிரைமேல் அமர்ந்த அத்ரியான் சிலை தம் நாள்வரை நிற்கிறது என்று மத்தேயு விளக்கவுரையில் சொல்கிறார். ஏசாயா உரையில் யூப்பித்தரின் விக்கிரகத்தையும் அங்கேயே சேர்க்கிறார். பவுலினுஸுக்கு எழுதிய நிருபத்திலோ, யூப்பித்தர் சிலை உயிர்த்தெழுதலின் இடத்திலும், வீனஸ் சிலை சிலுவை நின்ற பாறையிலும் இருந்தனவாம்! யூசேபியுஸோ கல்லறையின்மேல் இருந்தது வீனஸ் கோயில் என்கிறார்.

ஆகவே சிலைகள் இருந்தன என்று துணிந்து கூறலாம். ஆலய மேட்டின் தென்மதிலில் தலைகீழாகப் பதிக்கப்பட்டுள்ள கல்லொன்றில் அந்தோனினுஸ் பியுஸின் பெயர் பொறித்திருக்கிறது; சிலைப் பீடம் ஒன்றின் கல் அது. யாத்திரிகர் கண்ட இரண்டாம் சிலை அவனுடையதாயிருக்கலாம். கோயிலுக்கு எஞ்சுவது சிபிலினுஸின் வாக்கியமே. அதன்மேல் மத்தேயு 24:15இன் விளக்கத்தைக் கட்டுவோர், அஸ்திபாரத்தின் அளவை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.